பச்சை மீனும் ஐஸ் பெட்டியும்

திருகோணமலை ஆட்களுக்கு ஜப்பான் ஒன்றும் புதிய நாடல்ல. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் எமது துறைமுகத்தின் மீது குண்டு போட்ட கதையை மூத்தவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த யுத்த காலத்தில் இறந்த படைவீரர்கள் பலரின் அடக்கஸ்தலங்கள் உப்புவெளியில், நிலாவெளி வீதியோரத்தில் இன்றும் வரிசையாக இருக்கின்றன. பிறகு ஜப்பானியக் கூட்டு முயற்சியாக ஆரம்பித்த டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை எமது ஊருக்கு வந்தது. டொல்பின் வேன் வந்து நம்மில் பல பேருடைய குடும்பத்துக்குச் சோறு போட்டது. இப்போது ஜப்பான் சாப்பாடாகவும் வரப் பார்க்கிறது.

சாப்பாட்டுக் கடையைப் பற்றி வர்த்தகப் பத்தியில் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. எனது சகோதரியின் மகன் டோஹாவில் ஒரு ஹோட்டலின் ஜப்பானியச் சமையல் பகுதியில் 9 வருடங்கள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். உப்புவெளிக் கடற்கரையில் சுஷி கடை ஒன்று போட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். வட்டிக்கு ஒரு சதமும் எடுப்பதில்லை என்ற நிய்யத்தோடு வந்தவர். ஆகவே கடை பிழைத்தால் போவது வங்கியின் பணமல்ல, 9 வருட வெயிலில் சேர்த்த பணம். "மாமா, நீங்க ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார். அதற்காகவே இருவரும் கொழும்புக்குப் போனோம்.

கொழும்புக்குச் சுஷி புதிதல்ல. தாய் ஜப்பானியர், தந்தை இலங்கையர் என்ற குடும்பத்தில் பிறந்த தர்ஷன் முனிதாச 1995 இல் நிஹொன்பஷி உணவகத்தை ஆரம்பித்தார். 2011 இல் அவரே மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோருடன் சேர்ந்து பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் நண்டுக்கென்று தனிக் கடை திறந்தார். சிங்கப்பூரில் இலங்கை நண்டுக்குத் தனி மவுசு உண்டு. நல்ல பெரிய நண்டெல்லாம் விமானம் ஏறிப் போக, இங்கே இருப்பவர்களுக்கு மிச்சம்தான் கிடைத்து வந்தது. அதே நண்டை இங்கேயே வைத்து, வெளிநாட்டுக்காரரை இங்கே வரவழைத்துச் சாப்பிட வைத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நாங்கள் போனது வேறொரு கடை. கதிரையில் உட்கார்ந்ததும் மருமகன் கேட்ட முதல் கேள்வி மீனைப் பற்றியதல்ல. "சோத்துக்கு மிரின் போடுறீங்களா?" என்று கேட்டார். மிரின் என்பது அரிசியில் செய்யும் ஓர் இனிப்பு மது. அதில் 14 சதவீதமளவுக்கு மதுசாரம் இருக்கும். பரிமாறுகின்ற பையனுக்குத் தெரியவில்லை. உள்ளே போய்ச் சமையற்காரரையே அழைத்து வந்தார். அவர் நல்ல மனிதர். சோற்றுக்கு அரிசி வினாகிரி, சீனி, உப்பு மாத்திரம்தான், மிரின் சேர்வது டெரியாகி சோஸிலும் விலாங்கு மீனுக்குப் பூசும் சோஸிலும் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த இரண்டையும் விட்டுவிட்டோம்.

நம்மவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மீனுக்கு அறுப்புத் தேவையில்லை, ஆகவே சுஷி தானாகவே ஹலால் என்று நினைத்துக்கொள்கிறோம். மீனில் பிரச்சினை இல்லை. சோற்றிலும் சோஸிலும்தான் விசாரிக்க வேண்டும். இயற்கையாகப் புளிக்க வைத்த சோயா சோஸிலும் 2 சதவீதமளவில் மதுசாரம் தானாக உண்டாகும். அதன் சட்டம் என்ன, வினாகிரியின் சட்டம் என்ன என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது எனது வேலையல்ல. வியாபாரியாக நான் சொல்லக்கூடியது, ஹலால் சான்றிதழ் பெற்ற சோயா சோஸ் உலகச் சந்தையில் இருக்கிறது, மிரின் இல்லாமலும் சுஷி செய்யலாம் என்பதுதான். சுற்றுலாத் துறையில் இறங்கும் நமது பிள்ளைகள் "மது இல்லாமல் இந்தச் சாப்பாடு ஓடாது" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிட வேண்டாம். டோஹாவில் ஹோட்டல்களுக்கு வெளியே உள்ள சாதாரண சுஷி கடைகளில் மது கிடையாது, சனம் நிறைந்துதான் இருக்கிறது என்று மருமகன் சொன்னார். ஜப்பானியர் சுஷியோடு குடிப்பது பெரும்பாலும் பச்சைத் தேயிலைத் தேநீர்.

முதலில் சூப் வந்தது. ஒரு மிடறு குடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது நம் வீட்டு மாசியின் வாசம்! மருமகன் விளக்கினார். ஜப்பானியர் சூரை மீனை அவித்து, புகை போட்டு, மரக்கட்டை போலக் காயவைத்து, சீவி எடுத்துக் கொதிநீரில் போடுகிறார்கள். மாலைதீவுக்காரர் மாசி செய்வதும் ஏறக்குறைய இதே மாதிரித்தான், மீனும் அதே இனம்தான். 14 ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் காழியாக இருந்த இப்னு பதூதா, அந்த மீனைப் புகையில் உலர்த்தி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அனுப்புவதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். மாசிச் சம்பல் இல்லாமல் காலைச் சாப்பாடு இறங்காத நாம் ஜப்பான் சாப்பாட்டைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் பச்சை மீன் வேறு விடயம். இரண்டு விரல் அகலத்தில் பிடித்த சோற்றின் மேல் ஒரு மெல்லிய துண்டு மீன், இரண்டு உருண்டை ஒரு தட்டு. கடுஞ்சிவப்பாக இருந்தது நாங்கள் சந்தையில் கெலவல்லா என்று கேட்டு வாங்குகின்ற பெரிய சூரை. பிஸ்மி சொல்லி வாயில் வைத்தேன். எந்த வாடையும் இல்லை. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. "மாமா, மீன் நாத்தம்னு நாம சொல்றது மீன் பழசாகும்போது வாறது. புது மீனுக்கு அது இல்ல" என்றார் மருமகன். இரண்டாவது தட்டில் செம்மஞ்சள் நிறத்தில் சல்மன். அது நோர்வேயிலிருந்து ஐஸில் வந்ததாம். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எமது கடலில் பிடித்த மீனுக்கும் பல ஆயிரம் மைல் தாண்டி வந்த மீனுக்கும் ஒரே விலை. எனக்கு அதற்குப் பிறகு சாப்பாடு மறந்து கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு துண்டு 15 கிராம் இருக்கும். ஒரு கிலோ சுத்தமான சதையில் 60 துண்டுக்கு மேல் வரும். அந்த இரண்டு துண்டுத் தட்டின் காசுக்கு உப்புவெளிக் கரையில் முழுசாக ஒரு கிலோவுக்கு மேல் மீன் வாங்கலாம். 30 கிலோ கெலவல்லா ஒன்றில் தலை, முள், தோல், கருஞ்சதை கழித்தால் ஏறக்குறைய பாதி மிஞ்சும். அப்படிப் பார்த்தாலும் கரை விலைக்கும் தட்டு விலைக்கும் இடையில் பென்னம்பெரிய இடைவெளி. அந்தப் பணம் எங்கே போகிறது? கொழும்பு வாடகைக்கும் சம்பளத்துக்கும் ஒரு பங்கு போகிறது, சரி. மிச்சம்?

மருமகன் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். சூரை மற்ற மீன்களைப் போலக் குளிர்ந்த உடம்புள்ள மீனல்ல. அதன் சதை கடல் நீரை விடச் சூடானது. தூண்டிலில் மாட்டித் துடிக்கும்போது அந்தச் சூடு இன்னும் ஏறுகிறது. அப்படியே வள்ளத்தின் தட்டில் வெயிலில் போட்டுவிட்டால் சதை உள்ளிருந்து வெந்த மாதிரி வெளிறிப் புளித்துப்போகும். ஆகவே பிடித்த நிமிடத்திலேயே தலையில் குத்தி அடக்கி, இரத்தத்தை வடித்து, செவுளையும் குடலையும் எடுத்து, ஐஸும் கடல் நீரும் கலந்த பெட்டியில் அமிழ்த்த வேண்டும். மீன் ஒரு கிலோ என்றால் ஐஸும் ஒரு கிலோ. இதில் ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் பிறகு எந்தப் பெரிய ஃப்ரீசரிலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

ஏற்றுமதிக் கொம்பனிக்காரர் மீன் வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். மெல்லிய குழாய்க் கம்பி ஒன்றை மீனுக்குள் குத்தி, உள்ளிருந்து ஒரு சிறு சதைத் துண்டை எடுத்து விரலில் தேய்த்து நிறத்தையும் கொழுப்பையும் பார்ப்பார். சிவந்து பளபளத்தால் பச்சையாகச் சாப்பிடும் தரம். மங்கினால் சமைக்கும் தரம். அதற்கும் கீழே போனால் தகரத்துக்குள். ஒரே வலையில், ஒரே நாளில் பிடித்த இரண்டு மீன்கள் இரண்டு விலைக்குப் போவது இதனால்தான்.

இதில் சுகாதாரமும் இருக்கிறது. சூடேறிய சூரையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடி வரும். பொரித்தாலும் அவித்தாலும் அது போகாது. ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 100 மில்லிகிராமை அளவுகோலாக வைத்து மீனைப் பரிசோதிக்கிறது. புழுக்களுக்காக இன்னொரு விதி: பச்சையாகச் சாப்பிடும் கடல் மீனைப் பொதுவாக மறை 20 பாகையில் குறைந்தது 24 மணித்தியாலம் உறைய வைத்திருக்க வேண்டும். கடைக்குக் கடை இருக்கும் ஐஸ் கிறீம் பெட்டியை வைத்துக்கொண்டு சுஷி செய்யப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு உல்லாசப் பயணிக்கு வயிறு பிழைத்தால் அன்று இரவே உலகம் முழுக்கத் தெரிந்துவிடும்.

இந்த வியாபாரம் எப்படிப் பிறந்தது என்பதும் நமக்கு உதவும். 1970களில் ஜப்பான் வானொலிப் பெட்டியும் கமெராவும் விமானத்தில் அமெரிக்கப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது விமானம் வெறுமையாக வரும். அதில் ஏற்ற ஏதாவது சாமான் கிடைக்குமா என்று ஜப்பான் ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருவர் தேடினார். அப்போது கனடாவின் கிழக்குக் கரையில் பெரிய நீலத்துடுப்புச் சூரையை விளையாட்டுக்காகப் பிடித்து, படம் எடுத்துவிட்டுப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். 1972 ஓகஸ்டில் அந்த மீன் முதன்முதலாக விமானத்தில் டோக்கியோவின் சுக்கிஜி சந்தைக்குப் போய் ஏலத்துக்கு வந்தது. குப்பையாகப் போன மீன் பொன்னானது அந்த வெற்று விமானத்தால். புறக்கோட்டையிலிருந்து திருகோணமலைக்குச் சாமான் ஏற்றி வந்து, 260 கிலோமீற்றர் தூரம் வெறும் தட்டோடு திரும்பும் லொறிகள் எத்தனை என்று நமது லொறி முதலாளிமாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நோர்வேக்காரர் செய்தது இன்னும் கெட்டித்தனம். ஜப்பானியர் முன்பு சல்மனைப் பச்சையாகச் சாப்பிடுவதில்லை, அவர்களுடைய பசிபிக் சல்மனில் புழு இருக்கும் என்ற பயம். 1985 இல் நோர்வே ஒரு தூதுக்குழுவை அனுப்பி, பண்ணையில் வளர்த்த தங்கள் மீனில் அந்தப் பயம் இல்லை என்று பத்து வருடமளவுக்கு வீடு வீடாகப் போகாத குறையாகச் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். இன்று சல்மன் இல்லாத சுஷி கடை கிடையாது. சுஷியின் சொந்த ஊருக்கே சுஷி மீன் விற்றவர்கள்!

நாம் என்ன செய்தோம்? ஐரோப்பாவுக்குக் குளிரூட்டிய சூரையும் தளபத்தும் அனுப்புவதில் இலங்கை முன்வரிசையில் இருந்தது. படகுகளைக் கண்காணிக்கும் கருவி இல்லை, சட்டத்தை மீறும் படகுகளுக்குப் போதிய தண்டனை இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் பல தடவை எச்சரித்தது. 2014 ஒக்டோபரில் தடையை அறிவித்து 2015 ஜனவரியில் அமுலாக்கியது. 2016 ஜூனில்தான் நீக்கியது. அந்த ஒன்றரை வருடமும் மீன் கெட்டுப்போகவில்லை, கடதாசி கெட்டுப்போயிருந்தது.

இனி உப்புவெளிக்கு வருவோம். எமக்கு அல்லாஹ் தந்த ஒரு வசதி இருக்கிறது. திருகோணமலைத் துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஆரம்பிக்கிறது. ஆழ்கடல் நமது வாசற்படியில் வந்து நிற்கிறது. திமிங்கிலம் பார்க்க வெளிநாட்டுக்காரர் இங்கே வருவதும் அதனால்தான். பலநாள் படகுகள் வாரக் கணக்கில் கடலில் கிடந்து, முதல் நாள் பிடித்த மீனையும் கடைசி நாள் பிடித்த மீனையும் ஒன்றாக இறக்குகின்றன. விடிய முன் போய் பின்னேரம் திரும்பும் எமது வள்ளங்களுக்கும் சூரை அகப்படுகிறது. அந்த மீனின் வயது சில மணித்தியாலங்கள்தான். ஜப்பானியர் காசு கொடுப்பது இந்த மணித்தியாலங்களுக்கு. நாமோ அந்த மீனை வெயிலில் கரையில் பரப்பி ஏலம் கூறி, லொறியில் பேலியகொடவுக்கு அனுப்பி, பலநாள் படகு மீனின் விலையையே வாங்கிக்கொள்கிறோம்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு மருமகனுடைய கடைக் கணக்கை ஒரு இரவு முழுக்கப் பார்த்தோம். தட்டுகள் வாடிக்கையாளர் முன்னால் பட்டியில் சுற்றி வரும் இயந்திரம் வைப்பது அவருடைய ஆசை. 1958 இல் ஒசாகாப் பக்கத்தில் ஷிராய்ஷி என்பவர் ஆரம்பித்த முறை அது. வேலையாள் செலவைக் குறைக்கும், உண்மை. ஆனால் தட்டு சுற்றச் சுற்ற எடுக்க ஆள் வேண்டும். உப்புவெளியில் பயணிகள் நிறைவது சித்திரை பிறந்து புரட்டாதி வரை. வாடைக் காற்று விழுந்து மழை பிடித்தால் பல ஹோட்டல்களில் பாதி அறைகள் பூட்டு, பல வள்ளங்கள் கரையில். அரிசி, கடற்பாசித் தாள், சோஸ் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. எமது அரிசி உதிரியாக வேகும், கையில் பிடித்தால் நிற்காது. 2022 இன் ஆரம்பத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 350 ஐத் தாண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு கடற்கரை எப்படி வெறிச்சோடியது என்பதும் தெரியும். இவற்றில் ஒன்று வந்தாலும் கடையின் ஃப்ரீசரில் இருப்பது 9 வருடச் சேமிப்பு.

"மகன், கடையை விடுங்க. அந்தக் கடைக்காரன் யாரிட்ட மீன் வாங்குறான்னு பாருங்க" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. வெள்ளைத் தொப்பி போட்டுக் கத்தியோடு நிற்கப் பழகிய பிள்ளையை மீன் பெட்டி தூக்கச் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். எனது அபிப்பிராயத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு சுஷி கடை திறக்க ஆயிரம் பேருக்குக் காசு இருக்கும். ஒரு மீனைப் பிடித்த நிமிடத்திலிருந்து தட்டுக்குப் போகும் வரை என்ன செய்ய வேண்டும் என்று கையால் தெரிந்தவர் எமது கரையில் எத்தனை பேர்?

இரண்டு கிழமை கழித்து அவராகவே வந்தார். கடைக்கு என்று வைத்திருந்ததில் ஒரு சிறு பங்கை எடுத்து ரெஜிபோம் பெட்டிகளும் பாவித்த குளிரூட்டிய வேன் ஒன்றும் வாங்கினார். மூன்று வள்ளங்களுக்கு ஐஸும் பெட்டியும் அவரே கொடுக்கிறார். சொன்ன முறைப்படி இரத்தம் வடித்து ஐஸில் போட்ட மீனுக்கு அன்றைய கரை விலைக்கு மேல் கிலோவுக்கு ஒரு தொகை. வெயிலில் கிடந்த மீனை, சொந்தக்காரரின் வள்ளத்திலிருந்து வந்தாலும், எடுப்பதில்லை. இதனால் ஒரு சாச்சாவோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை! "செத்த மீனுக்கு என்னத்துக்கு தம்பி வைத்தியம்?" என்று சம்மாட்டி ஒருவர் வாடியில் வைத்துக் கேலி பண்ணினார். அடுத்த நாள் காசு கொடுக்கும் நேரத்தில் அவர் கேலி பண்ணவில்லை.

மீன் இப்போது உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் சில ஹோட்டல்களுக்குப் போகிறது. கொழும்பில் ஒரு கடையும் கேட்டிருக்கிறது. கிழமையில் இரண்டு நாள் ஹோட்டல் ஒன்றில் அவரே போய்ச் சுஷி செய்து கொடுக்கிறார். சோஸ் அவருடையது, மிரின் இல்லை. சூரைக்குப் பிறகு கொட்டியாரக்குடாப் பக்கத்து நண்டைப் பார்க்கிறார். அதை உயிரோடு கொண்டுபோக வேறு பெட்டி வேண்டும்.

லாபம் இன்னும் சொல்லும்படியாக இல்லை. வேனின் குளிர் இயந்திரம் ஒரு தடவை பழுதாகி ஒரு நாள் மீன் முழுக்கக் கருவாட்டுக்குப் போனது. ஐஸ் விலை ஏறியிருக்கிறது. மழைக் காலத்தில் வள்ளம் இறங்காத நாட்களில் ஹோட்டல்களுக்கு என்ன கொடுப்பது என்பதற்கு, உறைய வைத்து வைத்திருக்க மறை 60 பாகைப் பெட்டி ஒன்று வேண்டும் என்கிறார். ஜப்பானியர் வைத்திருப்பது அதுதான். பெட்டியின் விலையையும், மின்சாரம் போனால் தேவைப்படும் ஜெனரேட்டரின் விலையையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் கடதாசி இப்போது எனது மேசையில் இருக்கிறது. குளிர் அறைத் தொழிலில் இருக்கும் சகோதரர்கள் யாராவது பழைய பெட்டி விற்பதாக இருந்தால் பத்திரிகை அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.